சிறு தொழிலகங்களும் பாதுகாப்புச் சட்டமும்

தொழிலாளரின் உயிரையும் உறுப்பையும் காத்தற்பொருட்டு இயற்றப்படும் சட்டம் பெரிய ஆலைகளுக்கு மட்டுமே உரியதா? அன்றி, இருவர் மூவர் வேலை செய்யும் பட்டறைக்கும் உரியதா? கைத்தொழிற் புரட்சி முதன்முதல் நிகழ்ந்த இங்கிலாந்தின் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வினாவின் அருமை புலனாகும்.

1833ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளையே கருத்திற் கொண்டது. அதனை நடைமுறைப்படுத்த நியமிக்கப்பட்ட பரிசோதகர் நால்வரே. 1844ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குக் காப்புவேலி அமைக்குமாறு பணித்தது. ஆயினும், சந்துகளிலும் வீட்டுப் பின்புறங்களிலும் இயங்கிய சிறு பட்டறைகள் சட்டத்தின் கண்ணிற் படவில்லை.

1867இல் இரு சட்டங்கள் தோன்றின. பொதுவாக ஐம்பதின்மரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் இடங்களை ஒரு சட்டம் ஆலைகளோடு சேர்த்தது. அத்தொகைக்குக் குறைந்த பட்டறைகளில் சிறுவர், பெண்கள் ஆகியோரின் வேலைநேரத்தை மற்றது வரையறுத்தது. ஆனால், பட்டறைகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் விடப்பட்டது. பல மன்றங்கள் வாளாவிருந்தமையால் சட்டம் ஏட்டளவில் நின்றது. 1871இல் அப்பொறுப்பு அரசாங்கப் பரிசோதகரிடம் ஒப்படைக்கப்பட்டது.

தலைகளை எண்ணிச் சட்டம் செய்வதிலுள்ள குறை யாது? மரக்காலையிற் சுழலும் வட்டவாள், தன்னருகே நிற்பவர் இருவரா இருநூற்றுவரா என்று பார்ப்பதில்லை. மறுபுறத்தே, சிறு முதலாளியின் இடர்ப்பாடும் மெய்யானதே. விதிகளைப் படித்து விளக்க அவரிடம் எழுதுவினைஞர் இலர். காப்புவேலியின் செலவு பேராலைக்குச் சிறிது, அவருக்கோ பெரிது.

இவ்விரண்டையும் இணைக்க முயன்றது 1974ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம். றொபென்ஸ் பிரபு தலைமையிலான குழு 1972இல் அளித்த அறிக்கையே அதற்கு அடிப்படை. வீட்டுப் பணியாளர் நீங்கலாக, தம்மிடம் வேலை செய்வோர் அனைவரின் பாதுகாப்பையும் நியாயமாக இயலுமளவிற்கு உறுதிசெய்தல் தொழில்கொள்வோர் ஒவ்வொருவரதும் கடமை என அச்சட்டம் விதித்தது. ஆனால், பாதுகாப்புக் கொள்கையை எழுத்தில் வைக்கவேண்டிய பொறுப்பிலிருந்து ஐவருக்குக் குறைந்தோரை வேலைக்கமர்த்துவோர் விலக்கப்பட்டனர்.

எழுத்துவேலையைக் குறைக்கலாம், கடமையைக் குறைத்தலாகாது என்பதே இதன் உட்கருத்து. சிறு தொழில்கள் பெருகவேண்டுமென விரும்புவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. படிவமொன்று குறைந்தால் எவர்க்கும் ஊறில்லை. காப்புவேலி குறைந்தாலோ ஒரு குடும்பம் தன் உழைப்பாளியை இழக்கும்.