உழக்கத் தெரியுமா?

யாழ்ப்பாணத்திற் சைக்கிள் ஓடத் தெரியாதவர் ஒருவரைத் தேடிக் காண்பது அரிது. ஆயினும், ஓடத் தெரிந்தவர் அனைவருக்கும் உழக்கத் தெரியும் என்று கொள்வதற்கில்லை. ஓடுதல் என்பது விழாமற் செல்லுதல். அதனைச் சிறுபிராயத்தில் ஓரிரு பின்னேரங்களிற் கற்றுவிடுகிறோம். உழக்குதல் என்பது காலின் வலுவை வீணாக்காமற் சில்லுக்குச் சேர்ப்பித்தல். அதனை நமக்கு எவரும் கற்பிப்பதில்லை. கற்பிக்கவேண்டிய பொருள் அது என்று நாமும் நெடுங்காலம் எண்ணியதில்லை.

எண்ணச் செய்தவன் பத்தாந் தரத்திற் பயிலும் மாணவன் ஒருவன். தீவுப் பகுதியிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக நாள்தோறும் வருபவன். வைகாசி முதற் புரட்டாதி வரை அவ்வழியிற் சோளகம் வீசும். காலையில் அக்காற்று முதுகிற் பிடித்துத் தள்ளும். மாலையில் அதுவே நெஞ்சில் அடிக்கும். ஒருநாள் அவன் நம்மிடம் வந்து, “சேர், இனிப் பின்னேர வகுப்புக்கு நிற்க ஏலாது. முழங்கால் நோகுது, அப்பா பஸ்ஸிலை போகச் சொல்லிப்போட்டார்” என்றான். பஸ்ஸிற் செல்வதாயின் பாடசாலை விட்டவுடன் புறப்படவேண்டும். அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை. கணிதத்தில் அவன் நின்ற நிலைக்கு அவ்வகுப்பை இழப்பது சிறிய இழப்பன்று.

அவனுடைய சைக்கிளைப் பார்த்தோம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்தியபோது தந்தையார் வாங்கிக் கொடுத்தது. அதன்பின் பையன் ஒரு முழம் வளர்ந்துவிட்டான். ஆசனமோ வாங்கிய நாளில் இருந்த இடத்திலேயே இருந்தது! அதிலிருந்து உழக்கும்போது அவனுடைய முழங்கால்கள் வயிற்றை எட்டின.

“ஏன் தம்பி உயர்த்தவில்லை?” என்று கேட்டோம்.

“நிக்கேக்கை கால் நிலத்திலை முட்டவேணுமெல்லோ, சேர்?”

நம்மவருள் மிகப் பலர் சொல்லும் விடை இதுவே. நிற்கும்போது ஆசனத்தினின்றும் முன்னே இறங்கி நிற்கலாம் என்பது நினைவுக்கு வருவதில்லை. நிற்கும் சில கணங்களின் வசதிக்காக ஓடும் நேரம் முழுவதும் முழங்காலை வருத்துகிறோம். நன்கு மடங்கிய முழங்காலாற் பாரத்தைத் தள்ளும்போது முழங்காற் சிரட்டையின் பின்புறத்தில் அழுத்தம் மிகுகிறது. ஒரு சுற்றில் அது சிறிது. ஆயிரக்கணக்கான சுற்றுக்களிற் சிறிதன்று.

ஆசனத்தின் உயரத்தை அளக்க அளவுகோல் வேண்டியதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஆசனத்தில் அமர்ந்து, மிதியை அடியிற் கொண்டுவந்து, அதன்மேற் குதிக்காலை வைத்தல் வேண்டும். அப்போது கால் சரியாக நீண்டிருந்தால் உயரம் போதும். உழக்கும்போது குதிக்காலை விடுத்து, பெருவிரலின் அடியிலுள்ள திரண்ட பாகத்தை மிதியின் அச்சுக்கு நேரே வைப்பதால், முழங்கால் தானாகவே சற்று மடங்கி நிற்கும். ஓடும்போது இடுப்பு இருபுறமும் ஆடுமாயின் உயரம் மிஞ்சிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. ஆசனத் தண்டில் எல்லைக்குறி இருப்பின் அதற்கு மேலே இழுத்தல் ஆபத்தாகும்.

இனி, காலின் வேலைக்கு வருவோம். மிதி செல்லும் பாதை வட்டம். நாமோ உரலில் உலக்கை போடுவதுபோல மேலிருந்து கீழே குத்துகிறோம். மிதி உச்சியில் நிற்கும்போது எவ்வளவுதான் கீழ்நோக்கி அழுத்தினாலும் சில்லு சுழலாது. அடியில் நிற்கும்போதும் அவ்வாறே. கடிகார முள் மூன்று மணியைக் காட்டும் நிலையிலேதான் கீழ்நோக்கிய அழுத்தம் முழுப்பயன் தருகிறது. மற்றைய இடங்களில் நாம் இடும் வலுவிற் பெரும்பகுதி சில்லைச் சேர்வதில்லை.

இதனை நாம் பௌதிக நூலிற் கற்பதற்கு முன்னரே கையினாற் கற்றிருந்தோம். 1990ஆம் ஆண்டிற் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. உலர் மின்கலங்களும் கிடைத்தற்கு அரியவாயின. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லிற் பொருத்தி, அதன் மின்னை வானொலிப் பெட்டிக்குக் கொடுத்துச் செய்தி கேட்ட காலம் அது. நமக்குப் பதினொரு வயது. மிதியைக் கையாற் சுற்றும் பணி நம்முடையது. கை கீழே இறங்கும்போது செய்தி வாசிப்பவரின் குரல் ஓங்கும். மேலே ஏறும்போது தேய்ந்து மங்கும். சாய்மனைக் கதிரையிற் படுத்திருக்கும் அப்பு, “தம்பி, குத்தாதை, சுத்து” என்பார்.

ஒருநாள் மாமா தொழில்பார்த்த ஊரின் பெயர் வானொலியில் வந்தது. திடுக்கிட்டு நம் கை தளர்ந்தது. அடுத்த வாக்கியம் எவருக்கும் கேட்கவில்லை. மறுநாட் காலை அயலார் ஒருவரிடம் விசாரித்து, மாமாவுக்கு இடையூறு ஒன்றும் இல்லை என அறியும்வரை அம்மா அடுப்பு மூட்டவில்லை. அன்று மாலை முதல் நாம் குத்தவில்லை, சுற்றினோம். உச்சியில் முன்னே தள்ளி, அடியிற் பின்னே இழுத்து, ஏறும் வழியிலும் கையைத் தொங்கவிடாமற் சுற்றினால், குரல் ஏற்றத்தாழ்வின்றி வரும்.

காலுக்கும் அதுவே முறை. மிதி அடியை அடையுமுன், மாரிகாலத்திற் செருப்பின் சேற்றை வாசற்படியில் வழிப்பதுபோலப் பாதத்தைப் பின்னோக்கி இழுத்தல் வேண்டும். உச்சியை அணுகும்போது முழங்காலை முன்னே செலுத்தல் வேண்டும். ஏறுங் காலை மிதியின்மேற் பாரமாகப் போட்டு வைத்தலாகாது. மனிதனின் ஒரு கால் அவன் உடல் நிறையில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு. அறுபது கிலோ நிறையுள்ளவனுக்குப் பத்துக் கிலோ. அச்சுமையை மிதியில் விட்டால் இறங்குங் கால் அதனையும் சேர்த்துத் தூக்கவேண்டும். ஆயினும் மிதியை வலிந்து மேலே இழுக்க முயல்வதும் வீணே. பாதணியை மிதியோடு பிணைத்தோடும் பந்தய வீரர்களை ஆய்வுகூடங்களிற் சோதித்தபோது, சமமான வேகத்தில் ஓடுங்கால் அவர்களும் பெரும்பாலும் மேலே இழுப்பதில்லை என்பதும், வலிந்து இழுக்கச் செய்தால் அதே வேலைக்கு உடலின் செலவு கூடுகிறது என்பதும் தெரியவந்தன. பாரத்தை எடுத்துவிட்டாற் போதும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. முன் பல்லுச்சில்லில் 44 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள 28 அங்குலச் சைக்கிள் மிதியின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.4 மீற்றர் செல்லும். நிமிடத்திற்கு 60 சுற்று உழக்கினால் மணிக்குப் பத்தொன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலாகும். அமைதியான நாளில் அது இன்பமான வேகம். எதிர்காற்றில் 11 கிலோமீற்றராகக் குறையும்போது காலும் 34 சுற்றாகத் தளர்கிறது. ஒவ்வொரு மிதிப்பும் மாடிப்படி ஏறுவதுபோலாகிறது. பின்னே 20 பற்களுள்ள பிறீவீலை மாற்றினால் மிதிக்கவேண்டிய அழுத்தம் பத்திலொன்று குறையும். காற்றுத் தள்ளும் காலைவேளையிற் கால் சற்று விரைவாகச் சுழலவேண்டியிருக்கும். இளைஞருக்கு அது பெரிதன்று. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிக்கோ நகரில் ஒரு மணித்தியாலத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடியபோது, அவருடைய கால்கள் நிமிடத்திற்கு நூறு தடவைக்கு மேற் சுழன்றன. கியர்ச் சைக்கிள் வைத்திருக்கும் நம் மாணவரோ மிகக் கடினமான கியரிற் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல உழக்குவதை வீரமெனக் கருதுகின்றனர். அவர்களுடைய தந்தையர் சிலரும் அப்படியே.

நம் மாணவனின் ஆசனத்தை ஒரேயடியாக உயர்த்தவில்லை. மூன்று நாளுக்கொரு முறை ஒரு விரற்கடை அளவு உயர்த்தினோம். பிறீவீலையும் மாற்றச் செய்தோம். இரண்டு கிழமை கழித்தும் நோ நிற்காவிடின் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று தந்தையாருக்குச் சொல்லியனுப்பினோம். காட்டும் தேவை ஏற்படவில்லை. பையன் பின்னேர வகுப்பில் இருக்கிறான். கணிதம்தான் இன்னும் முழுதாகத் தேறவில்லை.

சென்ற சனிக்கிழமை அவனுடைய தாயார் தம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, “இதையும் ஒருக்கால் பாருங்கோ, சேர்” என்றார். பதினைந்து ஆண்டுகளாக அசையாத ஆசனத் தண்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்துத்தான் கழற்ற முடிந்தது.