நெரிசலும் வரிசையும்

குறுகிய வாயிலிற் பலர் ஒருங்கே நெருக்கின் எவரும் உட்புகார். இது யாவரும் அறிந்ததே. கணினிச் சேவையகத்தின் இயல்பும் அதுவே. வேண்டுகோள்கள் அளவின்றிப் புகின், ஒன்றேனும் நிறைவுறாது அது வீழும். அதன் சுமை உடனுள்ள சேவையகங்களின்மேல் ஏறி அவற்றையும் வீழ்த்தும்.

வேண்டுகோள்களைப் பல சேவையகங்களுக்கும் பங்கிட்டனுப்பும் சுமைப்பகிர்வி இதனைத் தடுக்கவல்லது. 2001ஆம் ஆண்டில் வில்லி தாரோ என்பார் வெளியிட்ட ஹெச்ஏபிராக்ஸி அத்தகையதொரு மென்பொருள். அதில் ஒவ்வொரு சேவையகத்திற்கும் ‘மேக்ஸ்கான்’ என்னும் வரம்பைக் குறிக்கலாம். வரம்பு 100 எனின், 101ஆவது வேண்டுகோள் தள்ளப்படாது. வரிசையில் நின்று, முன்னதொன்று முடிந்ததும் உட்செல்லும்.

வரிசைக்கும் எல்லை வேண்டும். கேட்டவர் அகன்றபின் வரும் விடையாற் பயன் என்னை? ஆதலின் ‘டைம்அவுட் க்யூ’ எனக் குறித்த காலம் கடப்பின், 503 என்னும் மறுமொழி அளிக்கப்படும். வரம்பிடுதல் வந்தவரை வெறுத்தலன்று. உட்புகுந்தவர் பணி முற்றுப்பெறக் காத்தலேயாம்.