அக்கரையிலும் அந்நியர், இக்கரையிலும் அந்நியர்

ஆழ்வார்திருநகரிக் கோயிலின் உறங்காப்புளியை நேயர்கள் அறிவார்கள். நம்மாழ்வார் பதினாறு பிராயம் வரை அம்மரத்தடியை விட்டு அகலாமல் வீற்றிருந்தார் என்பது ஐதிகம். அவ்வூரைத் தாண்டி ஓடும் தாமிரபர்ணி புன்னைக்காயலருகே கடலில் விழுகிறது; கடலுக்கு அப்பால் இலங்கை. ஓரிடம் விட்டுப் பெயராத அந்த ஞானியின் சீமைக் கரையிலிருந்தே, ஓரிடத்திலும் நிலைக்கவொட்டாமல் துரத்தப்பட்ட ஏழைகள் கப்பலேறினார்கள்.

முத்துக் குளிப்போர் இக்கரைப் பார்களிலும் அக்கரைப் பார்களிலும் மூழ்கினர். கொழும்பில் கடை வைத்த நம்மவர் பொருளீட்டி ஊர் திரும்பினர். தோட்டத்துக்குப் போனவர்கள் கதை வேறு. கங்காணியின் முன்பணமே அவர்களுக்கு முதல் தளை. தூத்துக்குடிக்கு அடுத்த தட்டப்பாறை முகாமில் அடைபட்டு, கப்பலில் கொழும்பு சேர்ந்து, மலையேறி லயத்தில் குடியேறினர். கடன் தொகை எழுதிய 'துண்டு' அவர்களுடன் தோட்டத்துக்குத் தோட்டம் சென்றது. 1921-ல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. காடழித்துக் காப்பி நட்டவர்களும், காப்பி நோயால் அழிந்தபின் தேயிலை நட்டவர்களும் இவர்களே.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஸ்தானங்களைப் பெற்றது. மறு வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வோட்டும் போயிற்று. உழைப்பு வேண்டும், வோட்டு வேண்டாம் என்னும் இந்த நியாயத்தை எந்தத் தர்ம சாஸ்திரத்திலும் நாம் கண்டதில்லை.

நம் சர்க்கார் செய்ததும் பெருமைக்குரியதன்று. 1964 அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியாரும் ஸ்ரீமதி பண்டாரநாயகாவும் செய்த உடன்படிக்கையில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிகுந்த 1,50,000 பேரை 1974-ல் இரு தேசங்களும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பாகப்பிரிவினையில் பாத்திரங்களைக்கூட இதனினும் கவனமாகப் பங்கிடுவார்கள்! இலங்கைப் பிரஜாவுரிமை கோரி மனுச் செய்தவர்கள் அத்தேசத்துக்கு ஒதுக்கிய தொகையினும் மிகுதியாயிருந்தனர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பிறந்த மண்ணில் இருக்கவே அவர்கள் விரும்பினர். உடன்படிக்கை கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன், டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அதன்பின் இராமேசுவரத்தில்தான் கப்பல் வந்தடைந்தது.

வந்தவர்களில் பலருக்கு நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அக்கரையில் அவர்களை 'இந்தியாக்காரர்' என்றும், இன்னும் இழிவாகக் 'கள்ளத்தோணி' என்றும் அழைத்தனர். இங்கே நாம் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றோம். பாட்டன் பிறந்த கிராமத்தில் சுற்றத்தார் எவருமில்லை. தான் பிறந்த லயத்துக்குத் திரும்பிச் செல்லவோ வழியில்லை. இரண்டு ஊருக்கும் மனம் இழுக்க, எந்த ஊர் என்ற கேள்விக்கு விடையின்றி நின்றனர்.

இலங்கை, 2003-ம் வருஷச் சட்டத்தால், எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை அளித்தது. ஆனால் 1983 கலவரத்துக்குப் பின் உயிர் தப்பி ஓடிவந்தவர்களிலும் மலையகத்தார் உண்டு. உடன்படிக்கை வழியே வந்தவன் இந்தியப் பிரஜை. அடிபட்டு அகதியாக வந்த அவன் தம்பி, சட்டவிரோதமாகக் குடிபுகுந்தவன்! வக்கீல் தொழில் பழகிய நமக்கும் இந்தப் பேதம் விளங்கவில்லை. 2019 ஜூன் மாதம் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை, இவ்வாறு முகாம்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரின் பிரஜாவுரிமை மனுக்களைப் பதினாறு வாரங்களுக்குள் பரிசீலிக்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் என மூன்று தேசங்களைக் கூறி, இலங்கையை மறந்தது.

2021-ல் நமது மாகாண சர்க்கார் அகதி முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் நல்ல பெயர்தான். நம் ஜில்லாவில் தாப்பாத்தியிலும் ஒரு முகாம் உண்டு. தாய் தந்தையரில் ஒருவர் சட்டவிரோதமாகக் குடிபுகுந்தவராகக் கருதப்படுவாராயின், 2004 டிசம்பர் 3-க்குப் பின் இந்த மண்ணிலேயே பிறந்த குழந்தைக்கும் பிறப்பால் பிரஜாவுரிமை இல்லை என்கிறது சட்டம். தட்டப்பாறை முகாம் வழியே கப்பலேறியவரின் கொள்ளுப்பேரன் அதே ஜில்லாவில் பிறந்தாலும் அந்நியனாம். பார்லிமெண்டில் தமிழ்நாட்டின் பிரதிநிதிகள் இவ்வொரு ஷரத்தையேனும் திருத்தக் கோரி மசோதா கொணர வேண்டும்.