நின்றால் நடுங்கும் கார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஓடும் காரின் அழகை எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் ஒரு காரின் உண்மையான உடல்நிலையை அறிய வேண்டுமானால் அது நிற்கும்போது கவனிக்க வேண்டும். ஆக்சிலேட்டரில் கால் வைக்காதபோதும் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? அந்த நிலையை ஓட்டுநர்கள் ‘ஐடிலிங்’ என்பார்கள். அப்போது எஞ்சின் நடுங்கினால் எங்கோ நோய் இருக்கிறது என்பது பொருள். அதைக் கண்டுபிடிக்கும் வழியை எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

என் தந்தை ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வாடகைக் கார் ஓட்டுகிறார். அவர் வாங்கும்போதே பழையதாகிவிட்ட, கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் கார் அது. சென்ற ஆடி மாதம் அது நின்ற இடத்திலெல்லாம் உதறத் தொடங்கியது. ரயில்வே கேட்டில் நின்றால் அணைந்தே போகும். ஓடும்போதோ ஒரு குறையும் தெரியாது. பட்டறையில் ஸ்குரூவைத் திருகி ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் பழைய நடுக்கம் திரும்பியது. “எஞ்சினைப் பிரிக்கணும், 22,000 ரூபாய் ஆகும்” என்றார்கள். அன்றிரவு அப்பா, “வித்துடலாமாடா தம்பி?” என்று கேட்டார். என் படிப்பும் தங்கையின் படிப்பும் அந்தக் காரில்தான் ஓடுகின்றன. எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடுக்கம் ஏன்?

1876இல் ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ உருவாக்கிய ‘ஃபோர் ஸ்ட்ரோக்’ முறையில்தான் இத்தகைய எஞ்சின்கள் இயங்குகின்றன. உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என்ற நான்கு வேலைகள் முடிய எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து 1,600 முறை எரிதல் நிகழும். ஏதேனும் ஒரு சிலிண்டர் தன் முறையைத் தவறவிட்டால் நமக்கு அது நடுக்கமாகத் தெரிகிறது.

ஒழுங்காக எரிய மூன்று வேண்டும்: நல்ல தீப்பொறி, நல்ல அழுத்தம், சரியான கலவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. காற்று அளவுக்கு மீறினால் கலவை மெலிந்து, எரிதல் தவறிவிடும்.

சோதனைகள்

விலையில்லாத சோதனையை முதலில் செய்வது என்று நானும் அப்பாவும் முடிவு செய்தோம். புகை வருகிறதா? இல்லை. ஆயில் குறைகிறதா? இல்லை. ஆகவே ரிங் தேய்ந்து அழுத்தம் போயிருக்கும் என்று நினைக்க இடமில்லை.

அடுத்து, எஞ்சின் ஆறியபின் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தோம். பிளக் முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். மூன்று பழுப்பாக இருந்தன. நான்காவது மட்டும் வெளுத்திருந்தது.

பிளக்குகளை மாட்டி, எஞ்சினை ஓட்டி, சோக்கைச் சற்றே இழுத்தோம். நடுக்கம் குறைந்தது! சோக் இழுத்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். அப்படியானால், கார்புரேட்டரின் கணக்கில் வராத காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது என்று உறுதியாயிற்று.

ஓடும்போது ஏன் தெரியவில்லை? ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் காற்று மிகவும் கொஞ்சம். ஒரு டம்ளர் மோரில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டால் ருசி கெடும். ஓர் அண்டா மோரில் விட்டால் தெரியாது. அதுபோலத்தான்.

நம் ஆய்வுக்கூடத்தில் பாரமானியில் 76 செ.மீ. பாதரசம் என்று குறித்து வைக்கிறோமே, அந்தக் காற்றழுத்தம்தான் இங்கே குற்றவாளி. ஐடிலிங்கில் எஞ்சினின் உறிஞ்சு குழாய்க்குள் அழுத்தம் இதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எனவே சிறு வெடிப்புக் கிடைத்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும்.

ரப்பர் குழாய் ஒன்றின் முனையை அப்பா காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை எஞ்சின் மேல் நகர்த்தினார். ஓரிடத்தில் ‘உஸ்’ என்ற ஓசை. அங்கே நான் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டது. ஒரு நொடி எஞ்சின் நிதானமாக ஓடியது. (சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பதுண்டு. தீப்பிடிக்கும், வேண்டாம். ஃபேன் பெல்ட் அருகே கையையும் துணியையும் கொண்டு போகக் கூடாது.)

வெடித்திருந்தது பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய். நான்காவது சிலிண்டரை ஒட்டியே அது பொருத்தப்பட்டிருந்தது. அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பிரேக்கும் ஒரு மாசமா கல்லு மாதிரி இருந்துச்சுடா. கால்வலின்னு நெனச்சேன்” என்றார். எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டுதான் பூஸ்டர் நம் கால் விசையைப் பெருக்குகிறது. குழாய் முழுதும் பிளந்திருந்தால், ஆஸ்பத்திரி அவசரத்தில் ஆட்களோடு பறக்கும்போது பிரேக் மிகக் கடினமாகியிருக்கும். ஸ்குரூவைத் திருகியபோது நடுக்கம் மறைந்தது, ஆபத்து மறையவில்லை.

பிரேக் பூஸ்டருக்கென்றே செய்த கெட்டியான குழாயும் இரண்டு கிளிப்பும் வாங்கினோம். தண்ணீர்க் குழாயைப் போட்டால் உள்ளே சப்பிப்போகும். மொத்தம் 340 ரூபாய். கூட்டி வைத்திருந்த ஐடிலிங் வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கினோம். கார் நடுங்காமல் நின்றது. பிரேக்கும் இளகியது.

இன்றைய கார்களில் கார்புரேட்டர் இல்லை. கணினியே பெட்ரோலை அளந்து பீச்சுகிறது. ஆனாலும் பொறி, அழுத்தம், கலவை என்ற மூன்றும் மாறவில்லை.

நண்பர்களே, பாரமானிப் பாடத்தை நான் மதிப்பெண்ணுக்காகவே படித்தேன். அது எங்கள் வாசலில் நிற்கும் காருக்குள் இருக்கும் என்று நினைக்கவில்லை. அப்பா இப்போது சவாரிக்கு வருபவர்களிடமெல்லாம், “எம் பையன் படிச்சுக் கண்டுபிடிச்சான்” என்கிறார். உண்மையில் அந்த ‘உஸ்’ ஓசையைக் கேட்ட காது அவருடையது. அது எதனால் என்று சொன்னது மட்டுமே நான்.