மூக்கினுள்ளே ஒரு நூல்

நம்மவர் பேச்சிலே மூக்குக்கு உள்ள மதிப்புப் பெரிது. அழகிய குழந்தையைக் கண்டால் ‘மூக்கும் விழியுமாக இருக்கிறது’ என்கிறோம். அவமானப்பட்டவனை ‘மூக்கறுபட்டான்’ என்கிறோம். வியப்புற்றவர் விரல் செல்வது மூக்கின் மேல். முன்கோபிக்குக் கோபம் நிற்பதும் மூக்கின் நுனியிலேதான். இத்துணைச் சிறப்பு வாய்ந்த உறுப்பைப் பற்றி, அதற்கொரு கேடு வரும்வரை நாம் சிந்திப்பதேயில்லை. சிந்திக்கும்படி நம்மைச் செய்தவன் நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன்.

உயர்தர வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து கேள்விமேற் கேள்வி கேட்பவன் அவன். மைதானத்திலே கிரிக்கெட் பந்து பட்டு மூக்கின் நடுச்சுவர் வளைந்து, ஒரு பக்கத்தால் மூச்சு விட இயலாது வருந்தினான். அவனுடைய தாயார் கைக்காப்பை அடகு வைத்துத் தனியார் வைத்தியசாலை ஒன்றிலே சத்திரசிகிச்சை செய்வித்தார். சிகிச்சை நன்கு முடிந்தது. பையனும் பாடசாலைக்குத் திரும்பினான். ஆனால் கேள்விகள் நின்றுபோயின. இரண்டு மாதமளவில் ஒருநாள் பாடம் முடிந்தபின் நம்மிடம் வந்து, “சேர், மூக்குக்குள்ளே இன்னும் நூல் கிடக்குது. எடுக்க மறந்துபோனார்கள் போலக் கிடக்கு. நேற்று இழுத்துப் பார்த்தேன், இரத்தம் வந்தது. அம்மாவுக்குச் சொல்லாதையுங்கோ, இன்னுமொரு செலவென்றால் அவ என்ன செய்வா?” என்றான்.

அன்று மாலையே அவனை அழைத்துக்கொண்டு, நமக்கு அறிமுகமான காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவரிடம் சென்றோம். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார், சிரித்தார். “தம்பி, இது மறந்துவிட்ட நூல் அல்ல, கிடக்கட்டும் என்றே இட்ட நூல்” என்றார். அன்று அவர் கூறியவற்றைக் குடும்பந்தோறும் அறிந்திருத்தல் நன்று என்பதால் இங்கே எழுதுகிறோம்.

மூக்குச் சத்திரசிகிச்சையிலே பலவகை நூல்கள் பயன்படுகின்றன. வெளித்தோலில் இடப்படும் நைலோன் நூல் உடலிற் கரையாது; அதனை ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு நாட்களில் வைத்தியரே வெட்டி எடுப்பார். உள்ளே மென்சவ்வைத் தைக்கும் நூலோ பெரும்பாலும் தானே கரைவது. முற்காலத்தில் இதற்கு ஆடு மாடுகளின் குடலிலிருந்து திரித்த நூல் பயன்பட்டது. ஆங்கிலத்திலே அதன் பெயரில் பூனை இருப்பினும், நூலில் பூனை இல்லை. இன்று செயற்கை நூல்கள் அதனிடத்தைப் பெற்றுள்ளன. அவற்றுள் ஒருவகை முற்றாகக் கரைய எட்டு முதல் பத்துக் கிழமைகள் செல்லும். மற்றொரு வகைக்கு ஆறு மாதம் வரை செல்லும். மூக்கின் நுனியை உருவமைக்கும் சிகிச்சையில், குருத்தெலும்பைப் பிடித்து நிறுத்த, என்றுமே கரையாத நூலை உள்ளே விட்டுவிடுவதும் உண்டு. அது வாழ்நாள் முழுவதும் அங்கே இருந்தாலும் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை.

ஆகவே, சில கிழமைகளின் பின் துவாரத்தின் ஓரத்தில் ஒரு நூல்நுனி தெரிவது தன்னளவில் அஞ்சத்தக்கதன்று. அதனை நாமே பிடுங்க முயல்வதே அஞ்சத்தக்கது. இழுத்தால் ஆறிவரும் சவ்வு கிழியும். நகத்தின் அழுக்கு புண்ணில் ஏறும். நூல் உறுத்தினால் வைத்தியர் நுனியை மாத்திரம் நறுக்கிவிடுவார். நம் மாணவனுக்கும் அதுவே நடந்தது. இரண்டு நிமிட வேலை.

எனினும், எல்லா நூலும் சாதுவன்று. கரையாத நூல் மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோலையோ சவ்வையோ துளைத்துக்கொண்டு வெளிவருதல் உண்டு. உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதி, அதனைச் சுற்றிச் சிறு கட்டியை எழுப்புதலும் உண்டு. சிவப்பு, கூடிவரும் வலி, சீழ், துர்நாற்றம், காய்ச்சல் என்பன தோன்றின் தாமதமின்றி வைத்தியரிடம் செல்லவேண்டும். மூக்கைச் சூழ்ந்த பகுதியின் இரத்தக் குழாய்கள் மண்டையோட்டின் உள்ளேயுள்ள குழாய்களோடு தொடர்புடையவை. அதனால், மூக்கிற் கிருமி பற்றியபின் கடுந்தலைவலி, கண்ணிமை வீக்கம், பார்வை மயக்கம் என்பன கண்டால் அன்றிரவே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்.

நம் மாணவனின் மனத்திலே வேறு அச்சங்களும் இருந்தன. மேல்வரிசை முன்பற்கள் மரத்தாற்போல இருந்தன. மூக்கின் நுனி தடித்திருந்தது. “இப்படியேதான் இருக்குமோ?” என்று கேட்டான். நடுச்சுவரின் அடியால் செல்லும் நுண்ணிய நரம்பொன்றே அப்பற்களின் பின்புறத்துக்கு உணர்ச்சி தருகிறது என்றும், சிகிச்சையில் அது நலிந்தாற் சில கிழமைகளிலோ மாதங்களிலோ பெரும்பாலும் மீளும் என்றும் வைத்தியர் தேற்றினார். மூக்கின் உருவையும் மாற்றும் சிகிச்சையாயின் வீக்கம் முற்றாக வடிய ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். கடைசியில் வடிவது நுனியே. அதனாலேயே, திருத்தச் சிகிச்சை வேண்டுமெனின் ஓராண்டாவது பொறுத்திருக்குமாறு வைத்தியர் பலர் கூறுகின்றனர்.

பொறுத்திருப்பது வேறு, புறக்கணிப்பது வேறு. மூச்சு விடும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழுந்தாலும், பொருக்கும் இரத்தக் கசிவும் ஓயாதிருந்தாலும், நடுச்சுவரிலே துளை விழுந்திருக்கக்கூடும். மூக்கின் முதுகு நாளடைவிற் குதிரைச் சேணம்போலப் பள்ளமாவது உள்ளே குருத்தெலும்பு தாங்கவில்லை என்பதன் அறிகுறி. மூச்சு முன்னையிலும் அடைத்தால், உட்புண்கள் ஒட்டிக்கொண்டனவா, பக்கச் சுவர் உள்வாங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இவை எவற்றுக்கும் வழியுண்டு. காது மடலிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பெடுத்துத் தாங்கு கொடுக்கும் முறையும் உண்டு.

பெற்றோர் மறவாதிருக்க வேண்டியது இன்னொன்றும் உளது. நடுச்சுவரின் குருத்தெலும்புக்குச் சொந்த இரத்தக் குழாய் இல்லை. இருபுறத்துச் சவ்விலிருந்தே அது உணவு பெறுகிறது. பிள்ளையின் மூக்கில் அடிபட்டு, இடையிலே இரத்தம் தேங்கிச் சவ்வை விலக்கிவிட்டால், சில நாட்களிலேயே குருத்தெலும்பு மடிந்துவிடும். ஆதலால், அடிபட்ட பிள்ளை இருபக்கமும் அடைக்கிறது என்று சொன்னால், ‘வீக்கம் வடியட்டும்’ என்று வீட்டில் வைத்திராது அன்றே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அன்று காட்டினால் தேங்கிய இரத்தத்தை வெளியேற்றிக் குருத்தெலும்பைக் காத்துவிடலாம். பின்னாளைய பெரிய சிகிச்சைக்கும் இடமிராது.

இந்த வைத்தியம் மேனாட்டார் புதிதாகக் கண்டதென்று எண்ணுதல் தவறு. சுசுருத சங்கிதையிலே, அறுபட்ட மூக்கை இலையால் அளந்து, அவ்வளவுக்குக் கன்னத்துத் தசையைப் பெயர்த்துப் பொருத்தி, மூச்சுக்குக் குழல்கள் இரண்டை வைத்துத் தைக்கும் முறை கூறப்பட்டுள்ளது. ஆறியபின் குறைந்திருந்தால் வளர்க்கவும், மிகுந்திருந்தால் சமன் செய்யவும் வேண்டுமென்றும் அந்நூல் சொல்கிறது. சிகிச்சை ஒருநாளில் முடிவதன்று என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

திப்பு சுல்தானோடு ஆங்கிலேயர் போரிட்ட காலத்தில், அவர்கள் சேனையில் வண்டியோட்டிய கௌசாஜி என்பவன் சிறைப்பட்டு மூக்கறுபட்டான். பூனாப் பக்கத்து மனிதர் ஒருவர் நெற்றித் தோலைத் திருப்பி அவனுக்கு மூக்கமைத்த செய்தி, 1794 ஆம் ஆண்டு இலண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. வியப்பென்னவெனில், அங்கே தையலே இல்லை. வெற்றிலையோடு நம்மவர் போடும் காசுக்கட்டியை நீரிற் குழைத்துத் துணியிற் பூசி, அடுக்கடுக்காக ஒட்டித் தோலைப் பொருத்தினர். நெற்றியோடு தொடுத்திருந்த தோலை அறுத்தது ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளிலே. அச்செய்தியால் ஊக்கம் பெற்ற கார்ப்யூ என்னும் ஆங்கில வைத்தியர் 1814 இல் அம்முறையைச் செய்து, 1816 இல் நூலாக வெளியிட்டார். நூலில்லாத காலத்திலும் பொறுமை என்னும் இழை இருந்தது.

இளைஞர்க்கு ஒரு சொல். கைபேசியை முகத்தருகே பிடித்துப் படமெடுத்து, ‘என் மூக்குப் பெரிது’ என்று ஏங்குவோர் இன்று பலர். அருகிலிருந்து எடுத்த படம் மூக்கைப் பெரிதாக்கியே காட்டும். அது அண்மையின் குற்றம், மூக்கின் குற்றமன்று. அழகுக்கான சிகிச்சையை முகம் வளர்ந்து முற்றுமுன் செய்வதை வைத்தியர்களும் விரும்புவதில்லை. மூச்சுக்காகச் செய்வதும் முகத்துக்காகச் செய்வதும் ஒன்றல்ல. இரண்டினுள் எது வேண்டுமென்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

சிகிச்சைக்கு முன்னரே கேட்கவேண்டிய வினாக்கள் சில உள: உள்ளே இடும் நூல் எவ்வகையது? எப்போது கரையும்? எதைக் கண்டால் அஞ்சவேண்டும்? யாரிடம் வரவேண்டும்? நம் மாணவனுக்கு இவற்றை ஒருவரும் சொல்லவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பையன் இரண்டு மாதம் உறக்கமின்றித் தவித்திருக்க வேண்டியதில்லை.

வைத்தியர் பணம் வாங்க மறுத்துவிட்டார். இனி அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கிலே காட்டினாற் போதும், அங்கே செலவில்லை என்றார். திரும்பும் வழியில், தாயாரிடம் எல்லாவற்றையும் சொல்லுமாறு அவனைப் பணித்தோம். அவன் சொல்லியிருக்கிறான். மறுநாள் அவ்வம்மையார் பாடசாலை வாயிலில் நின்றார். “காப்புப் போனால் பிறகு மீட்கலாம் ஐயா. பிள்ளை எனக்கு ஒளிச்சுத் தனிய அழுதிருக்கிறானே, அதுதான் தாங்கேலாமல் கிடக்கு” என்றார்.

அன்று முதலாம் பாடத்திலே முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. கேள்வி கடினமானதுதான், நாமும் மகிழ்ச்சியோடு விடை தேடினோம்.