ஆறு குழிகளில் மஞ்சள் நிறம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ரத்ததான முகாம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி கொடுத்த ரத்தத்தை உடனே நோயாளிக்கு ஏற்றிவிடுவார்களா? மாட்டார்கள். ஹெச்.ஐ.வி., இரண்டு வகைக் கல்லீரல் அழற்சி வைரஸ்கள், மேகப்புண், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்த பிறகே ஏற்றுவார்கள். 1985-இல் எயிட்ஸுக்கு இத்தகைய கட்டாயச் சோதனை இங்கே இல்லை. நம் நாட்டுக்கு அந்த நோய் வராது என்றே பலரும் நம்பினார்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் நம்பவில்லை. அவரிடம் மேற்படிப்புப் படித்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா, காப்பகம் ஒன்றில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறைகூடக் கிடையாது. மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. ரத்தம் உறைந்தபின் பிரியும் சீரம் என்ற தெளிநீரை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். எதற்காகச் சோதனை என்று அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது. சம்மதம் பெறவேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அது நியாயமும்கூட.

1986 பிப்ரவரியில் மாதிரிகள் இரவு ரயிலில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போயின. அங்கே 'எலிசா' சோதனை செய்யலாம். அது எப்படி என்று பாருங்கள். சிறுசிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. குழிகளின் உட்புறத்தில் வைரஸின் புரதம் பூசப்பட்டிருக்கும். அதில் சீரத்தை விடுவார்கள். வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் சீரத்தில் இருந்தால், புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் போகாது. அதன்மேல் ஒட்டக்கூடிய, நொதி இணைத்த இன்னொரு பொருளை விட்டு மீண்டும் கழுவுவார்கள். கடைசியாக, நொதி பட்டால் நிறம் மாறும் திரவம். எதிர்ப்பொருள் இல்லாத குழியில் நொதியும் தங்காது, நிறமும் வராது.

இடையில் மின்சாரம் வேறு நின்றுபோயிற்று! பிறகு தட்டின் மூடியைத் திறந்தால் ஆறு குழிகளில் மஞ்சள்.

உடனே உலகுக்கு அறிவித்தார்களா? இல்லை. எதிர்ப்பொருள் அல்லாத வேறு ஏதேனும் ஒட்டிக்கொண்டு பொய்யாக நிறம் காட்டலாம். தவறாகச் சொன்னால் ஒருவரின் வாழ்வே குலையும். ஆகவே அந்த ஆறு பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்தனர். அமெரிக்காவில் 'வெஸ்டர்ன் பிளாட்' என்ற வேறு முறையில் சோதித்தபோதும் விடை மாறவில்லை. 1986 மே மாதம் சுகாதார அமைச்சர் ஹெச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை வெளியிட்டார். முதலில் பலர் நம்ப மறுத்தார்கள்.

நிர்மலா தம் ஆய்வேட்டை 1987-இல் அளித்தார். பிறகு கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றி, 2010-இல் ஓய்வு பெற்றார்.