கல்லாவில் நின்ற தாயார்

பாலக்காட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளம் போன்ற ஊர்களிலிருந்து பட்டணத்திற்கு வந்தவர்கள் தங்கள் குடும்பக் கதையைச் சொல்லுகையில், "அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார்" என்றே தொடங்குவர். பருப்பைப் புடைத்து, பொட்டலம் மடித்து, அப்பா கொள்முதலுக்குப் போன நாட்களில் கல்லாவில் அமர்ந்த அம்மா அக்கதையில் வருவதில்லை. உலகறிந்த ஒரு மளிகைக் கடைக் குடும்பத்திலும் இவ்வாறே நேர்ந்தது.

இங்கிலாந்தின் கிராந்தம் நகரில் ஆல்ஃபிரட் ராபர்ட்ஸ் மளிகைக் கடைச் சிப்பந்தியாயிருந்தார். 13 வயதில் பள்ளியை விட்டவர். பீட்ரிஸ் ஸ்டீவன்சன் சொந்தமாகத் தையல் தொழில் நடத்திவந்தார். மெதடிஸ்ட் சபையில் அறிமுகமான இருவரும் 1917இல் விவாகம் செய்தனர். சிக்கனமாய்ச் சேமித்து, கடனும் பெற்று, 1919இல் நார்த் பரேடு என்னும் தெருவில் கடை வாங்கினர். பின்னர் இரண்டாவது கடையும் வந்தது.

கடைக்கு மேலேயே வீடு. குளியலறை இல்லை, கழிப்பிடம் வெளியே. தேயிலையும் சர்க்கரையும் மொத்தமாய் வந்திறங்கும். நிறுத்துக் கட்டுவது வீட்டார் வேலை. யாராவது ஒருவர் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தபடியால், குடும்பமாய் ஒருமித்து விடுமுறைக்குச் செல்லவும் இயலவில்லை. பீட்ரிஸ் கடையில் நின்றார், மகள்களுக்கு உடை தைத்தார், ரொட்டி சுட்டார். சுட்டதில் ஒரு பங்கு, நோயாலோ வேலையின்மையாலோ வாடிய வீடுகளுக்குச் சந்தடியின்றிப் போய்ச் சேரும்.

ஆல்ஃபிரட் சபைகளில் பிரசங்கித்தார்; 1945இல் நகர மேயருமானார். மேடையேறும் மனிதனுக்காக வீட்டில் ஒருவர் விளக்கை அணைக்காமல் காத்திருக்கிறார். போதகனாகிய எனக்கும் இது தெரியும்.

பீட்ரிஸ் 1960இல் மரித்தார். அதற்கு மறு ஆண்டு, பாராளுமன்ற உறுப்பினராயிருந்த இளைய மகள், தாயை மிகவும் நேசித்ததாகவும், ஆனால் தமக்கு 15 வயதானபின் இருவருக்குமிடையே பேச ஒன்றுமில்லாது போயிற்று என்றும் ஒரு பேட்டியில் கூறினார். அம்மகளே மார்கரெட் தாட்சர். 1979 மே 4 அன்று பிரிட்டனின் முதல் பெண் பிரதமரானபோது, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தம் தந்தைக்கே கடன்பட்டிருப்பதாகச் சொன்னார்.

அவர் பொய் சொன்னதாக நான் எண்ணவில்லை. நூலகத்திலிருந்து தகப்பன் வாரந்தோறும் கொண்டுவந்த புத்தகங்கள் நினைவில் நின்றன. தாய் தைத்த உடைகளோ கிழிந்துபோயின. பிரமுகர்களின் விவரங்களைத் தொகுக்கும் 'ஹூஸ் ஹூ' நூலில் அவர் ஆல்ஃபிரட் ராபர்ட்ஸின் மகள் என்றிருந்தது. பீட்ரிஸின் பெயர் அதில் இல்லை.